ஆள் பற்றாக்குறையை ஆராய முதலில் டியூட்டி லிஸ்டை எடுங்கள், ஜர்னல் அப்புறம்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தம்பி கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறார். புராஜெக்ட் தலைப்பு 'மருத்துவமனைகளில் மனிதவள மேலாண்மை'. கைடு நாற்பது ஜர்னல் கட்டுரையாவது காட்ட வேண்டும் என்கிறார், அதில் பாதி வெளிநாட்டு ஜர்னலாம். திறக்கப் போனால் ஒவ்வொன்றும் டாலரில் காசு கேட்கிறது. நூறு நர்சுகளிடம் கேள்வித்தாள் கொடுத்து 'வேலைத் திருப்தி' அளந்தால் போதுமா, ஜர்னல்களை எங்கே படிப்பது, இதுதான் கேட்டிருப்பது.

போதாது. அந்த வழியில் போனால் உங்களுக்கு டிகிரி கிடைக்கும், வேறெதுவும் தெரியவராது. நான் புதுச்சேரியில் நர்சிங் சூப்பரின்டெண்ட் ஆபீஸில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் டியூட்டி லிஸ்ட் போட்டவள், அப்புறம் எம்.எஸ்ஸி. நர்சிங் பிள்ளைகளுக்கு ஆய்வு முறை சொல்லிக்கொடுத்தவள். இந்தப் பக்கத்துப் புராஜெக்டுகளில் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தவை: ஐந்து புள்ளி அளவுகோல், நூறு பேர், கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை, 'பெரும்பாலானோர் மிதமான திருப்தியுடன் உள்ளனர்', கடைசியில் 'நிர்வாகம் அவ்வப்போது பயிற்சி அளிக்கலாம்' என்று ஒரு பரிந்துரை. அந்தக் கேள்வித்தாளை விநியோகித்தது யார்? இன்சார்ஜ் சிஸ்டர். திரும்ப வாங்கி அடுக்கியது யார்? அதே சிஸ்டர். அடுத்த மாதம் யாருக்கு எத்தனை நைட் என்று எழுதப்போவதும் அவர்தான். இப்படியிருக்க எந்தப் பெண் 'எனக்குத் திருப்தியில்லை' என்று டிக் அடிப்பாள்?

உங்களுக்கு வேண்டிய சரக்கு உங்கள் ஆபீஸ் பீரோவிலேயே இருக்கிறது. ஏதாவது ஒரு வார்டின் ஒரு மாத டியூட்டி லிஸ்டை எடுத்து மேஜையில் விரித்துப் பாருங்கள். இடது பக்கம் பெயர்கள், மேலே தேதிகள், கட்டங்களில் எம் (காலை), ஈ (மதியம்-மாலை), என் (நைட்), டே ஆஃப், நைட் ஆஃப். கம்ப்யூட்டரில் அடித்து எடுத்த அந்தக் காகிதத்தின் மேல் நீல மையில் அடித்தல் திருத்தல் இருக்கும். ஒரு கட்டத்தில் ஒயிட்னர் பூசி அதன் மேல் டி.டி. என்று எழுதியிருக்கும், அதாவது டபுள் டியூட்டி. மூலையில் பின் குத்திய துண்டுச்சீட்டு ஒன்று தொங்கும்: 'தங்கை நிச்சயதார்த்தம் இருப்பதால் என் 14-ஆம் தேதி மதியத்தை இவர் பார்ப்பார், இவருடைய 17-ஆம் தேதி நைட்டை நான் பார்க்கிறேன்', கீழே இரண்டு கையெழுத்து, அதற்கும் கீழே இன்சார்ஜ் கையெழுத்து. இந்த அடித்தல் திருத்தலில்தான் மனிதவள மேலாண்மை நடக்கிறது. பாடப்புத்தகம் சொல்கிற திட்டமிடல், ஆள்சேர்ப்பு, பயிற்சி, மதிப்பீடு எல்லாம் இதற்கு மேல் கட்டிய மாடி.

ஒரு காலத்தில் நான் இருந்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஆபீஸ் ஃபைலில் ஒரு லிஸ்ட், வார்டு சுவரில் ஒட்டியது இன்னொரு லிஸ்ட், இன்ஸ்பெக்‌ஷன் வருகிற வாரத்தில் மட்டும் வெளியே வருகிற மூன்றாவது லிஸ்ட் என்று இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் லிஸ்டில் பெயர் இருந்த சிலரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததே கிடையாது. ஆகவே ஒரு லிஸ்டை மட்டும் நம்பாதீர்கள். மாத ஆரம்பத்தில் போட்ட லிஸ்ட், பயோமெட்ரிக்கிலோ வருகைப் பதிவேட்டிலோ பதிவானது, அன்றன்று வார்டில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்ற சென்சஸ், இந்த மூன்றையும் தேதிவாரியாக, ஷிஃப்ட் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் எந்த வார்டில், எந்த ஷிஃப்டில், எந்தக் கிழமையில் பெரிதாகிறது என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. 'மருத்துவமனைகளில் மனிதவள மேலாண்மை' தலைப்புதான், கேள்வி கிடையாது.

சென்சஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஆஸ்பத்திரிகளில் படுக்கைக் கணக்கு பெரும்பாலும் நள்ளிரவில் எடுப்பது. இருபத்தெட்டு பேர் என்று எழுதினால் இருபத்தெட்டு. ஆனால் பகலில் எட்டு டிஸ்சார்ஜ் போய் எட்டு அட்மிஷன் வந்திருந்தாலும் அதே இருபத்தெட்டுதான், ஒருவரும் போகாமல் ஒருவரும் வராமல் இருந்தாலும் அதே இருபத்தெட்டுதான். டிஸ்சார்ஜ் என்றால் இன்ஷூரன்ஸ் பேப்பர், மருந்து திருப்பி அனுப்புவது, டிஸ்சார்ஜ் சம்மரிக்கு டாக்டரைத் தேடுவது, வீட்டில் இன்சுலின் போடச் சொல்லிக்கொடுப்பது. அட்மிஷன் என்றால் ஊசி லைன், ரத்த மாதிரி, கேஸ் ஷீட், கூட வந்த ஆறு பேருக்குப் பதில். அந்த நாளையும் சும்மா இருந்த நாளையும் ஒரே எண்ணாக எழுதிவிட்டு 'போதுமான ஆள் இருந்தது' என்று சொல்வது அநியாயம்.

நான் வயிற்றெரிச்சலில் மட்டும் சொல்லவில்லை, இதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. 2011-இல் நீடில்மனும் அவருடைய குழுவும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். ஒரே ஒரு பெரிய மருத்துவமனை, 43 வார்டுகள், 1,97,961 அட்மிஷன்கள், 1,76,696 ஷிஃப்டுகள். எந்த ஷிஃப்டில் இருக்கவேண்டிய அளவைவிட நர்ஸ் நேரம் எட்டு மணியோ அதற்கு மேலோ குறைந்தது என்று ஷிஃப்ட் ஷிஃப்டாகப் பார்த்தார்கள். அப்படிக் குறைந்த ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நோயாளியின் இறப்பு ஆபத்து 2 சதவீதம் கூடியது. அட்மிஷன் டிஸ்சார்ஜ் அதிகமாக இருந்த ஷிஃப்டுக்கு 4 சதவீதம். நர்ஸ் குறைவைவிட நோயாளிகள் வந்து போகிற நெரிசலுக்கு எண் பெரிதாக வந்ததைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரையை நான் முதலில் சொல்லக் காரணம் உண்டு. நூறு மருத்துவமனைகளைச் சுற்ற உங்களால் முடியாது, ஒரே மருத்துவமனையின் ஷிஃப்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். ஜர்னலிலிருந்து நீங்கள் எடுக்கவேண்டியது இந்த முறையைத்தான். 'நீடில்மன் கூறுகிறார்' என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி போட்டு நகர்ந்தால் படித்தது வீண்.

எல்லோரும் காட்டுகிற கட்டுரை வேறு. லிண்டா எய்க்கன் குழு 2002-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ ஜர்னலில் எழுதியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளிடம் சர்வே. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடும்போது முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, நர்சுகள் மனதளவில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். இதை நம் புராஜெக்டுகளில் எழுதும் விதம் இருக்கிறதே! 'ஒரு நோயாளி கூடினால் நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாக இறக்கிறார்கள்' என்றே ஒரு தீசிஸில் படித்தேன். அந்த ஆய்வில் மொத்த இறப்பே சுமார் 2 சதவீதம். அந்த இரண்டுதான் ஏழு சதவீதம் கூடுகிறது, அதாவது 2.14 பக்கத்தில் போகிறது. சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் நாலு நோயாளிக்குப் பதில் எட்டு நோயாளி என்று ஆகும்போது 31 சதவீதம் வரை ஏறுகிறது. அப்புறம் இது ஒரு காலகட்டத்தில் எடுத்த குறுக்குவெட்டு ஆய்வு. ஆள் குறைவாக இருக்கிற மருத்துவமனையில் கருவியும் குறைவு, டாக்டரும் குறைவு, நிர்வாகமும் சரியில்லை என்று இருக்கலாம். அவர்கள் முடிந்தவரை அதையெல்லாம் கணக்கில் கழித்தார்கள், முழுக்கக் கழிக்க முடியாது. ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், 300 மருத்துவமனைகளில் இதையே திரும்பச் செய்து 2014-இல் லான்செட் என்ற மருத்துவ ஜர்னலில் வெளியிட்டபோதும் அதே 7 சதவீதம் வந்ததால்தான் எல்லோரும் இதை நம்புகிறார்கள்.

காரண காரியம் பற்றிக் கைடு மடக்கினால் ஆஸ்திரேலியாவுக்குப் போங்கள். குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் சில அரசு மருத்துவமனை வார்டுகளுக்குச் சட்டமே போட்டது: பகலிலும் மாலையிலும் நாலு நோயாளிக்கு ஒரு நர்ஸ், இரவில் ஏழுக்கு ஒன்று. சட்டம் வந்த 27 மருத்துவமனைகளையும் வராத 28-ஐயும் முன்னும் பின்னும் ஒப்பிட்ட கட்டுரை 2021 லான்செட்டில் இருக்கிறது. ஆள் கூட்டிய செலவைவிட, திரும்ப அட்மிட் ஆவது குறைந்ததிலும் படுக்கை நாட்கள் குறைந்ததிலும் மிச்சமான பணம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவமனை நிர்வாக இயக்குநரிடம் (எம்.டி.) பேசும்போது உதவப்போகிற ஒரே கட்டுரை இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, விகிதத்துக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான புராஜெக்டுகள் குப்புற விழுகின்றன. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 1:3, அதற்கு மேல் 30 சதவீதம் லீவ் ரிசர்வ், அதாவது விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாக வைக்கிற கூடுதல் ஆள். கலிஃபோர்னியாவில் இதே மாதிரி வார்டுக்குச் சட்டப்படி 1:5. மேலோட்டமாகப் பார்த்தால் இந்தியா கலிஃபோர்னியாவையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது மாதிரி இருக்கும், அப்படியே ஒப்பீட்டு அட்டவணை போட்டவர்களும் உண்டு. நம் 1:3 என்பது மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்துப் படுக்கைக்கு எத்தனை நர்ஸ் என்ற கணக்கு. ஷிஃப்டுக்குப் பிரித்தால் 1:9. கலிஃபோர்னியாவின் ஐந்து அந்த நிமிஷம் வார்டில் நிற்கிற நர்சுக்கு ஐந்து. எய்க்கன் எண்களும் அப்படித்தான், ஷிஃப்டில் கையில் எத்தனை பேர் என்பது. உங்கள் மருத்துவமனையின் எண்ணை எழுதும்போது எந்தக் கணக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதிவிடுங்கள். முப்பது படுக்கை வார்டில் பதின்மூன்று நர்ஸ் பெயர் பலகையில் இருக்கலாம், இரவு இரண்டு மணிக்கு அங்கே இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவர் டிரெய்னி.

விகிதம் வேண்டாம், வேலையை வைத்தே ஆள் கணக்குப் போட வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் விஸ்ன் முறை இருக்கிறது. 1998-இல் வந்தது, 2010-இல் திருத்திய கையேடு இணையத்தில் இலவசம். பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம், கணக்கு எட்டாம் வகுப்புத் தரம்தான். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எல்லாம் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் வார்டில் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நர்ஸ் வருஷத்தில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் வேலையில் இருப்பார்? வாரம் 6 நாள், 52 வாரம், 312 நாள். இதில் சி.எல். 12, பண்டிகை 9, ஈட்டிய விடுப்பு 15, உடம்பு சரியில்லாதது 6, பயிற்சி 3, ஆக 45 கழித்தால் 267 நாள். எட்டு மணி வீதம் 2,136 மணி. அடுத்து வேலை. முப்பது படுக்கை வார்டில் சராசரி 27 பேர் என்றால் வருஷத்துக்கு 9,855 நோயாளி-நாட்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு மருந்து, ஊசி, பி.பி. பார்ப்பது, டிரெஸ்ஸிங், நகர்த்துவது எல்லாம் சேர்த்து இரண்டரை மணி என்று வைத்தால் 24,637 மணி. அதை 2,136-ஆல் வகுத்தால் 11.53 நர்ஸ். வருஷம் 2,000 அட்மிஷன், ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி என்றால் 1,500 மணி, அதாவது 0.70 நர்ஸ். இதுவரை 12.23. இதற்கு மேல் ஹேண்டிங் ஓவர் (அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளிகளை ஒப்படைப்பது), இண்டென்ட் (பொருள் கேட்டு எழுதுவது), ரெஜிஸ்டர் என்று எல்லோருமே எட்டு மணியில் ஒரு மணியை இழக்கிறார்கள், அதற்கு 1.143-ஆல் (எட்டை ஏழால் வகுத்தது) பெருக்கினால் 13.98. இன்சார்ஜ் சிஸ்டர் மட்டும் தினம் ஐந்து மணி லிஸ்ட், ஸ்டோர், மீட்டிங் என்று போகிறார், அது 0.62. மொத்தம் 14.6. உங்களிடம் இருப்பது 11 என்றால் விகிதம் 0.75. வேலையில் கால்வாசிக்கு ஆள் இல்லை என்று அர்த்தம், அந்தக் கால்வாசியை இருப்பவர்கள் டபுள் டியூட்டியாகவோ செய்யாமல் விட்டோ சமாளிக்கிறார்கள்.

இதில் நேர்மையாகச் செய்யவேண்டிய இடம் அந்த இரண்டரை மணி. அதை யாரோ ஒருவர் கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். வெளிநாட்டில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் நர்ஸ் வேலை. இங்கே அதைக் கூட இருக்கிற அம்மாவோ மாமியாரோ செய்கிறார். வார்டில் உட்கார்ந்து, அனுபவமுள்ள மூன்று நாலு சிஸ்டர்களிடம் கேட்டு, கடிகாரம் பார்த்து அளந்து எழுதுங்கள். உதவியாளர் இல்லாத மதியத்தில் ஸ்கேனுக்கு வீல்சேர் தள்ளிக்கொண்டு போவது யார் என்றும் பாருங்கள், அது நர்ஸ் நேரமாக இருந்தால் தனி வரியாக எழுதுங்கள்.

இப்போது ஜர்னல். காசு கொடுத்து ஒன்று கூட வாங்காதீர்கள், தேவையே இல்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, மூன்று வருஷத்துக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள். ஒன்றிய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான், தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. ஆகவே நீங்கள் எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்பது முக்கியம். அண்ணாமலை மாதிரி மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் பதிவு என்றால் நூலகரிடம் போய் வீட்டிலிருந்து திறக்க இன்ஃபெட் லாகின் கிடைக்குமா என்று கேளுங்கள். தனியார் என்றால் உங்கள் கல்லூரி எதற்குச் சந்தா கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்காமலே 'ஒன்றும் இல்லை' என்று திரும்பி வருகிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நூலகர் என்றால் புத்தகத்தில் சீல் குத்துபவர் என்று நினைப்பு. உலகத்துக்கே நூலக விதிகளை எழுதிக்கொடுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் பக்கத்துச் சீர்காழியில் பிறந்தவர், 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நாலாவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. அந்த வேலையைச் செய்யவே ஒருவர் சம்பளத்தோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

சந்தா எதுவுமே இல்லாவிட்டாலும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடி இலவச முழுக்கட்டுரை என்ற வடிகட்டியைப் போட்டால் இந்தத் துறையில் ஏராளமாகக் கிடைக்கும். 'ஹியூமன் ரிசோர்சஸ் ஃபார் ஹெல்த்' என்ற ஜர்னல் 2003-இலிருந்து முழுக்க இலவசம், உங்கள் தலைப்புக்கென்றே நடத்துவது. தேடும்போது சும்மா 'ஒர்க்ஃபோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்று அடித்தால் சாஃப்ட்வேர் விளம்பரம்தான் கொட்டும். பப்மெட்டின் சொல்பட்டியலில் 'பெர்சனெல் ஸ்டாஃபிங் அண்ட் ஷெட்யூலிங்' என்று ஒரு தலைப்புச் சொல் இருக்கிறது, அதையும் 'நர்சிங் ஸ்டாஃப், ஹாஸ்பிடல்' என்பதையும் இணைத்துத் தேடுங்கள், கூடவே இந்தியா என்று சேருங்கள். பூட்டியிருக்கிற கட்டுரையின் தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டு 'எல்லாப் பதிப்புகளும்' என்பதை அமுக்கினால் பல நேரம் ஆசிரியரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஏற்றிய பிரதி வரும், அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சியும் இதையே செய்யும். அதுவும் இல்லையா, ஆசிரியருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள், தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்றால் சந்தோஷமாக அனுப்புகிறவர்கள்தான் நிறைய. நம் ஊர் வேலைகளுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தீசிஸ் களஞ்சியமும் ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமும் இருக்கின்றன. அவற்றை முடிவுக்காகப் படிக்காதீர்கள், பின்னிணைப்புக்காகப் படியுங்கள்: அனுமதிக் கடிதம் எப்படி எழுதியிருக்கிறார்கள், தமிழில் கேள்வித்தாளை எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

நாற்பது என்ற எண்ணைப் பற்றி கைடுடன் சண்டை போடாதீர்கள். பன்னிரண்டை முழுசாகப் படியுங்கள், அதில் ஒவ்வொன்றின் முறைப் பகுதியையும் இரண்டு தடவை படியுங்கள். மிச்சத்துக்குச் சுருக்கத்தையும் அட்டவணையையும் பார்த்துவிட்டு, பார்த்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். சாட்ஜிபிடியிடம் 'நாற்பது ரெஃபரன்ஸ் கொடு' என்று கேட்பவர்கள் இப்போது வரிசையாக மாட்டுகிறார்கள். ஆசிரியர் பெயர் நிஜம், ஜர்னல் நிஜம், அப்படி ஒரு கட்டுரை மட்டும் கிடையாது. கட்டுரைக்குக் கட்டுரை தனியாக இருக்கிற அடையாள எண்ணான டி.ஓ.ஐ.-ஐ ஒவ்வொன்றாக நீங்களே அமுக்கித் திறந்து பாருங்கள். உங்கள் கட்டுரையை வெளியிடவும் சொல்வார்கள். மூன்று நாளில் ஏற்பு, வாட்ஸ்அப்பில் பேரம், ஜிபே-யில் கட்டணம், பெயரில் இன்டர்நேஷனல், அட்டையில் கேள்விப்படாத ஏதோ 'குளோபல் இம்பாக்ட் ஃபாக்டர்' என்றால் தள்ளியே நில்லுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்பார்கள். அது பதிவு எண், தரச்சான்று கிடையாது.

டாக்டர்களும் நர்சுகளும் ஜர்னல் படிக்கிறார்களா என்று பக்கவாட்டில் கேட்டிருந்தீர்கள். நேர்மையாகச் சொன்னால், கையோடு வேலை இருக்கும்போது எந்த நாட்டிலும் படிப்பதில்லை. 1985-இல் கோவெல் என்பவரின் குழு லாஸ் ஏஞ்சலஸில் 47 டாக்டர்களைப் பின்தொடர்ந்தது. முன்கூட்டிக் கேட்டபோது புத்தகம், ஜர்னல் பார்ப்போம் என்று சொன்னார்கள். நடந்தது வேறு: மூன்று நோயாளிக்கு இரண்டு என்ற கணக்கில் சந்தேகம் வந்தது, அதில் 30 சதவீதத்துக்குத்தான் அப்போதே பதில் கிடைத்தது, அதுவும் பெரும்பாலும் பக்கத்திலிருந்த இன்னொரு டாக்டரைக் கேட்டு. 1999-இல் அயோவா மாநிலத்துக் குடும்ப மருத்துவர்கள் 103 பேரிடம் ஈலி குழு எடுத்ததில் 1,101 கேள்விகள், அவற்றில் 64 சதவீதத்தை யாரும் தேடவே இல்லை, தேடியவற்றுக்குச் செலவழித்தது சராசரி இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. இணையம் கையில் வந்த பிறகும் இரண்டு நிமிஷம் இரண்டு நிமிஷம்தான். இதைச் சோம்பல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, படிக்க நேரம் என்று எந்த டியூட்டி லிஸ்டிலும் கட்டம் கிடையாதே. உங்கள் புராஜெக்டில் இதை ஒரு கிளையாகச் சேர்க்கலாம்: பயிற்சிக்கும் படிப்புக்கும் என்று ஒதுக்கிய மணி நேரம் காகிதத்தில் எவ்வளவு, அதில் எவ்வளவு ஆள் பற்றாக்குறையால் ரத்தானது. கேள்வித்தாளில் 'நீங்கள் ஜர்னல் படிப்பீர்களா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள்.

இந்தப் பகுதிக்கென்று சில விஷயங்கள். புதுச்சேரியை எடுத்து 'மக்கள்தொகைக்கு இத்தனை டாக்டர், இத்தனை நர்ஸ், நாட்டிலேயே நல்ல நிலை' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. கோரிமேடு ஜிப்மர் ஓ.பி. வரிசையில் காலை ஆறு மணிக்கு நிற்பவர்களைக் கேளுங்கள், விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திண்டிவனம் என்று சொல்வார்கள். வகுக்கும் எண்ணில் அவர்கள் இல்லை, வேலையில் இருக்கிறார்கள். நர்சுகளும் அப்படியே, பண்ருட்டியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். மதிய ஷிஃப்ட் முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதால்தான் ஹேண்டிங் ஓவர் பாதியில் நிற்கிறது என்பது எந்த ஜர்னலிலும் உங்களுக்குக் கிடைக்காது, வார்டில் நின்றால் தெரியும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அந்த மாதிரி நாட்களில் காலை ஷிஃப்டுக்கு யாரும் வந்து சேர முடியாது, நைட் பார்த்தவர்களே பகலையும் பார்க்க வேண்டியதுதான். உங்கள் மருத்துவமனையில் அப்படிப்பட்ட நாளுக்கு எழுத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வேலையை விட்டுப் போவதை ஆராய்கிறீர்கள் என்றால் 'நிறுவனப் பற்று' என்ற அளவுகோலை எடுக்குமுன், கடந்த நாலு வருஷத்து ராஜினாமா தேதிகளை அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. (தமிழ்நாடு அரசு), நார்செட் (எய்ம்ஸ்) தேர்வு அறிவிப்பு, ரிசல்ட் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளத்தையும் எழுதுங்கள். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் அமைந்த நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனையில் கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. உங்கள் சம்பளப் பட்டியலைத் திறந்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். மனச்சோர்வை அளக்க வேண்டும் என்று கைடு பிடிவாதம் பிடித்தால் மாஸ்லாக் அளவுகோலுக்கு லைசென்ஸ் காசு உண்டு, கோபன்ஹேகன் அளவுகோல் இலவசம், அதை எடுங்கள். தாளை மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், பெயரும் வேண்டாம், வார்டும் வேண்டாம். பத்து பேர் இருக்கிற வார்டில் வயது, அனுபவம், திருமணம் ஆனவரா என்று மூன்றையும் கேட்டால் யார் என்று எம்.டி.க்கே தெரிந்துவிடும்.

ஆய்வுக்கு அனுமதி தருகிற எத்திக்ஸ் கமிட்டி எப்போது கூடும் என்று இன்றே விசாரியுங்கள், பல இடங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். டியூட்டி லிஸ்டில் பெயர்களை எண்களாக மாற்றிவிட்டுத்தான் எடுப்பேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், அதைப் பார்த்தால் நர்சிங் சூப்பரின்டெண்ட் பாதி இறங்கி வருவார். மாதம் தேர்ந்தெடுக்கும்போது மழைக்காலக் காய்ச்சல் கூட்டம் குவிகிற நவம்பரையும், ஓரளவு அமைதியான ஒரு மாதத்தையும் சேர்த்தே கேளுங்கள். பழைய லிஸ்டுகளுக்கும் சேர்த்து அனுமதி வாங்குங்கள், ஏனென்றால் பல ஆஸ்பத்திரிகளில் அந்தக் காகிதங்களை வருஷக் கடைசியில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.